கேட்டது ஒரு வாங்கு

எங்கள் பக்கத்துப் பெற்றோல் செட்டில் ஒரு சாய்தளம் இருக்கிறது. வெள்ளை மாபிள் பதித்து, இரண்டு பக்கமும் பளபளக்கும் குழாயில் கைப்பிடி வைத்து, உச்சியில் சக்கர நாற்காலி படம் போட்ட நீலப் பலகையும் மாட்டியிருக்கிறார்கள். அது கட்டி முடிந்த நாளிலிருந்து அதில் ஏறியவற்றை நான் பார்த்து வருகிறேன். எண்ணெய்ப் பரல்கள் ஏறியிருக்கின்றன. காஸ் சிலிண்டர்கள் ஏறியிருக்கின்றன. மழைக்கு ஒதுங்கிய மாடுகள் ஏறிச் சாணமும் போட்டிருக்கின்றன. முதலாளியின் மோட்டார் சைக்கிள் தினமும் ஏறுகிறது. சக்கர நாற்காலி ஒன்றே ஒன்றுதான் அந்த மாபிளைத் தொட்டது. அதுவும் ஏறவில்லை, இறங்கியது. அந்த நாற்காலியில் இருந்தவள் என் மகள். அவள் இறங்கியதை நான் மேலே நின்று பார்த்தேன். ஆகவே நிதானமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

என் மகளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கடைசிச் சண்டைக் காலத்தில், சின்னப் பிள்ளையாக இருந்தபோது, செல் துண்டு ஒன்று முதுகில் பட்டது. இதற்குமேல் அதைப் பற்றி எழுதத் தேவையில்லை. வன்னியில் அதை விளங்கப்படுத்த வேண்டிய ஆள் ஒருவரும் இல்லை. இப்போது அவள் படித்து முடித்து, பின்னால் இரண்டு மேலதிகச் சில்லு பூட்டிய ஸ்கூட்டர் ஓடுகிறாள். வேகமும் பிரேக்கும் கையிலேயே இருப்பதால் ஓடுவதில் அவளுக்குக் கஷ்டமில்லை. ஏறுவதும் இறங்குவதும்தான் வேலை. அதற்கும் வீட்டில் வழி செய்திருக்கிறோம். என் கணவர் ஸ்கூட்டர் சீற்றின் உயரத்துக்குப் பாலை மரத்தில் ஒரு வாங்கு, நாலு கால் வைத்த இருக்கைப் பலகை, அடித்து விறாந்தையில் போட்டிருக்கிறார். சக்கர நாற்காலியிலிருந்து கையை ஊன்றி வாங்குக்கு எழும்புவாள், வாங்கிலிருந்து சீற்றுக்குச் சறுக்குவாள். அவ்வளவுதான். யாரும் தூக்க வேண்டியதில்லை. தூக்குவது அவளுக்குப் பிடிக்கவும் பிடிக்காது.

ஆனால் ஸ்கூட்டர் செய்தவர்களுக்கு ஒரு புத்தி. பெற்றோல் தாங்கியின் வாயைச் சீற்றுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். பெற்றோல் அடிப்பதென்றால் சீற்றைத் தூக்க வேண்டும். சீற்றைத் தூக்குவதென்றால் அதில் இருப்பவர் இறங்க வேண்டும். காலுள்ளவர்களுக்கு இது ஒரு விஷயமே அல்ல. இறங்குகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் அந்த ஸ்கூட்டரைக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வருவார். அவள் எங்கள் விசுவமடுவுக்குள் மட்டும் ஓடித் திரிந்த காலத்தில் அது போதும். பிறகு முல்லைத்தீவில் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கே வாசலில் நாற்காலி வைத்துக் காத்திருக்க ஆள் உண்டு என்றார்கள், பொறுப்பேற்க மூன்று மாதத் தவணையும் தந்தார்கள். போய்வர உள்ள தூரத்துக்கு இரண்டு நாளைக்கு ஒருதடவை தாங்கி காலியாகும். அவருக்கு வயல், எனக்குப் பள்ளிக்கூடம். அவளோடு பின்னால் ஏறிப்போய்ப் பெற்றோல் அடித்துக்கொடுக்க எங்கள் வீட்டில் வேறு ஆள் இல்லை.

"பெற்றோல் தனிய அடிக்க ஏலுமெண்டால் வேலைக்குப் போறன். ஏலாதெண்டால் வீட்டில இருக்கிறன். இதில யோசிக்க வேற ஒண்டுமில்லை அம்மா," என்றாள்.

வேலை தொடங்க முதல், ஒருநாள் பெற்றோல் அடித்துப் பார்க்க அவள் தனியாகவே போனாள். நான் போன் பண்ணிக்கொண்டே இருந்தேன், அவள் எடுக்கவில்லை. திரும்பி வந்து நடந்ததை அப்படியே நடித்துக் காட்டினாள். பம்படியில் நின்றவர் சொன்னாராம்:

"இறங்குங்கோ தங்கச்சி, சீற்றைத் தூக்கவேணும்."

"இறங்க ஏலாது அண்ணை. அதுதான் பின்னால இவ்வளவு சில்லு."

"அப்ப ஆரையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

"கூட்டிக்கொண்டு வர ஆள் இருந்தால் அவரையே அனுப்பியிருப்பனே."

பின்னால் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் நின்ற ஒருவர் சத்தம் போட்டாராம், பாவம் அந்தப் பிள்ளை, அவாவை முதல் விடுங்கோ என்று. எல்லோரும் வழிவிட்டார்களாம். வரிசையில் முதலாவதாக விட்டார்கள். முதலாவதாகத் திருப்பி அனுப்பினார்கள். போத்தலுக்காவது அடித்துத் தாருங்கள் என்று கேட்டாளாம். தட்டுப்பாட்டுக் காலத்திலிருந்து போத்தலுக்கு அடிப்பதில்லை என்று மறுத்துவிட்டு, அந்த மனிதர் அடுத்து நின்றவருடைய வயல் பம்புக்குப் பெரிய கானை நிரப்பிக்கொடுத்தாராம்.

"கானுக்கு அடிக்கலாமாம் அம்மா. போத்தல்தான் ஆபத்தாம். சின்னனாய் இருக்கிறதால கெதியாய்க் கோவம் வருமாக்கும்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கிழமை நாங்கள் இருவரும் செட் முதலாளியிடம் போனோம். முதலாளி கோயில் நிர்வாகத்தில் இருக்கிறார், வர்த்தகர் சங்கத்தில் இருக்கிறார், எங்கள் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் முன்வரிசையில் இருக்கிறார். இருக்கக்கூடிய இடமெல்லாம் இருக்கிறார். படியேறி அவருடைய அறைக்குப் போக மகளால் முடியாததால் அவர் கீழே இறங்கி வந்தார். அதையே பெரிய உபகாரம் செய்தவர்போலச் செய்தார். வந்து ஸ்கூட்டரில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என்னோடு கதைத்தார்.

"ரீச்சர், பிள்ளை என்ன படிச்சவா?"

"அவ இஞ்சதானே இருக்கிறா. அவவிட்டயே கேளுங்கோ."

"ஓமோம். கதைப்பாவோ?"

"கதைப்பன்," என்றாள் மகள். "எனக்கு ஒரு வாங்கு வேணும். இந்தச் சீற்றின்ர உயரத்துக்கு. பம்படியில ஓரமாய்ப் போட்டால் காணும். நான் அதுக்கு மாறி இருப்பன், உங்கட ஆள் சீற்றைத் தூக்கி அடிப்பார், நான் திரும்பி ஏறிப் போவன். வேற ஒண்டும் வேண்டாம்."

முதலாளி குனிந்து ஸ்கூட்டரின் சில்லுகளைப் பார்த்தார். பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"வாங்கு என்னத்துக்கு ரீச்சர்? நாங்கள் பெரிசாய்ச் செய்வம்."

அந்தப் பெரிசுதான் இந்தச் சாய்தளம். அது பம்படிக்குப் போகவில்லை. எண்ணெய்ப் போத்தலும் குளிர்பானமும் விற்கிற கடைக்குப் போகிறது. கடைக்கு நாலு படி. படிக்குப் பக்கத்தில் சாய்தளம். பெற்றோல் அடிக்க வருகிற ஒருவர் கடைக்குள் ஏறிப் போனால் அவருடைய ஸ்கூட்டருக்குள் பெற்றோல் எப்படி வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாய்வுக்கு நீளம் வேண்டும். நீளமாகக் கட்டினால் முதலாளியின் கார் நிற்கிற இடம் போய்விடும். ஆகவே கட்டையாகக் கட்டினார்கள், செங்குத்தாக வந்தது. வழுக்காத கல் பதிக்கலாம். அது வடிவில்லை என்று மாபிள் பதித்தார்கள். வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் மகள் அந்த வழியால் வந்து ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்தாள்.

"இது சறுக்கீஸ் அம்மா. பிள்ளையளுக்குக் கட்டுறாங்கள். மேல ஏற ஏணி எங்க?"

திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் வீடு தேடி வந்தது. அவளைச் சிறப்பு விருந்தினர் என்று போட்டிருந்தார்கள். நான் போக வேண்டாம் என்றேன். என் கணவர் வயலுக்குப் போனார். அவள் போவோம் என்றாள்.

"மைக் தருவினம்தானே. எல்லாருக்கும் முன்னால வாங்கைக் கேட்டால் மாட்டன் எண்டு சொல்லேலாது."

அவள் ஸ்கூட்டரில் போனாள். நான் அவளுடைய சக்கர நாற்காலியையும் இரவல் வாங்கிய ஓர் உயரமான ஸ்ரூலையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பின்னால் போனேன். ஓட்டோக்காரர் ஸ்ரூலை அமத்திப் பிடிக்க, அவள் மெல்லச் சறுக்கி நாற்காலிக்கு மாறினாள். அந்த ஆட்டமே எனக்குப் போதுமாக இருந்தது.

வாழை கட்டியிருந்தார்கள், தோரணம் கட்டியிருந்தார்கள். சாய்தளம் தொடங்குகிற இடத்தில், சரியாக நடுவில், மஞ்சள் துணி விரித்த மேசையில் நிறைகுடம் வைத்திருந்தார்கள். வருகிறவர்களை வரவேற்கத்தானே நிறைகுடம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குத்துவிளக்கு. பெற்றோல் செட்டில் நெருப்புப் பற்றவைக்கக் கூடாதென்பதால் விளக்குகளில் திரிக்குப் பதிலாகச் சின்ன மின்குமிழ்கள். அவற்றின் வயர் சாய்தளத்தின் ஓரத்தால் மேலே போய்க் கடைச் சுவரில் செருகியிருந்தது.

மகள் நாற்காலியை உருட்டி நிறைகுடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். வழி இல்லை. மேசையைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் பதறிப்போனார்.

"ஐயோ ரீச்சர், விளக்கு எரியேக்க நிறைகுடத்தை அசைக்கக்கூடாது. விளக்கு அணைஞ்சாப் பிறகுதான்."

"அப்ப பிள்ளை எப்பிடி ஏறுறது?"

"நாங்கள் இருக்கிறம்தானே."

நாலு பேர் வந்தார்கள். தூக்காதேங்கோ என்று அவள் தெளிவாகச் சொன்னாள். பயப்பிடாதேங்கோ தங்கச்சி என்று அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டு, நாற்காலியோடு தூக்கி, சாய்தளத்துக்குப் பக்கத்தில் இருந்த படிகளால் ஏறினார்கள். நாற்காலி பின்னுக்குச் சரிந்தது. அவளுடைய கால்கள் இரண்டும் கால் வைக்கும் பலகையிலிருந்து வழுகித் தொங்கின. அவள் சட்டையின் ஓரத்தை இழுத்து மூடியபடி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தார்கள்.

அவளை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடியதை நான் முன்னும் ஒருதடவை பார்த்திருக்கிறேன். அப்போது நாற்காலி இல்லை, ஒரு படுக்கை விரிப்பு. அன்று தூக்கியவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. அவர்களுக்கு இன்றைக்கும் கும்பிடு போடுவேன். அவர்கள் தூக்கியது வேறு வழி இல்லாததால். இவர்கள் தூக்கியது, கட்டிய வழியைத் தாங்களே அடைத்து வைத்துவிட்டு. இரண்டும் ஒன்றென்று நினைக்கிற மனிதர்களோடு என்ன கதைப்பது?

நாடா வெட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். முதலாளி பேசினார், வேட்டிக்காரர் பேசினார், முதலாளியைப் பற்றி இன்னும் இரண்டு பேர் பேசினார்கள். கடைசியாக மகளின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இவையளிட்டக் கேட்டது ஒரு வாங்கு," என்று தொடங்கினாள்.

அறிவிப்பாளர் குனிந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "தங்கச்சி சந்தோசத்தில கதைக்க ஏலாமல் நிக்கிறா," என்றார். கைதட்டினார்கள். நிற்கிறாளாம்.

பிறகு செட்டுக்குப் பின்னால் பந்தலில் தேத்தண்ணியும் வடையும் என்று அறிவித்தார்கள். போட்டி போட்டுக்கொண்டு போனார்கள். மேலே கடை வாசலில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். கீழே நிறைகுடத்துக்குக் காவலாக வேட்டிக்காரர்.

"இப்ப எடுக்கலாம்தானே?" என்றேன்.

"விளக்கு எரியுதே ரீச்சர்."

"அது பல்ப்."

"பல்ப் எண்டாலும் விளக்குத்தானே."

"அது எப்ப அணையும்?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். அதற்குள் மகள் நாற்காலியைச் சுவரோடு ஒட்டி உருட்டிப்போய், கையை நீட்டி, வயரைச் சுவரிலிருந்து இழுத்தாள்.

"அணைஞ்சிட்டுது ஐயா. எடுங்கோ."

அவர் விளக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்து மேசையையும் தூக்கிக்கொண்டு போனார். தூக்கியபோது குடத்திலிருந்து சாய்தளத்தின் கீழ்ப்பாதியில் தண்ணீர் சிந்தியது. இதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் பார்த்திருந்தால் நாற்காலியின் முன்னால் விழுந்து படுத்திருப்பேன்.

"நில்லு, ஆக்களைக் கூப்பிடுறன்," என்றேன்.

"ஆக்கள் வந்தால் தூக்குவினம்," என்றாள். இறங்கிவிட்டாள்.

பாதிவரை சில்லுகளைக் கையால் அமத்தி மெதுவாகத்தான் போனாள். ஈர மாபிளில் சில்லு பிடிக்கவில்லை. நாற்காலி அவளுடைய கையை உதறிவிட்டு ஓடியது. சாய்தளம் முடிகிற இடத்தில் நிற்கச் சமதரை ஒன்றும் இல்லை. நேரே வாகனம் நுழைகிற பாதை. டீசலுக்கு வந்த மணல் ரிப்பர் லொறி ஒன்று அப்போதுதான் வீதியிலிருந்து உள்ளே திரும்பியது.

நான் கூப்பிட்டேனா என்று எனக்கு நினைவில்லை. பிரேக் சத்தம் நினைவிருக்கிறது. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது, அவள் அதற்கு முன்னால் கைகளை ஊன்றிக் கிடந்தாள், ரிப்பரின் முன்சில்லு அவளுடைய தலையிலிருந்து கை எட்டும் தூரத்தில் நின்றது. நான் படிகளால் இறங்கி ஓடினேன். ஓடியதாகத்தான் நினைத்தேன். போய்ச் சேர்ந்தபோது ரிப்பர்காரர் எனக்கு முதலே அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கைகளை அவளில் படாமல் விரித்து வைத்திருந்தார்.

"நான் என்ன செய்யவேணும் பிள்ளை? எப்பிடிப் பிடிக்கிறது?"

இத்தனை நாளில் இந்தச் செட்டில் அவளிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவர் அங்கே வேலை செய்கிறவரும் அல்ல. அவள் சொன்னாள்: நாற்காலியை நிமிர்த்தி, பிரேக்கைப் போட்டு, அசையாமல் பிடியுங்கள். அவர் பிடித்தார். அவள் தோல் உரிந்த கையை ஊன்றித் தானாக ஏறினாள். ரிப்பர்காரர் எழும்பிப்போய் ரிப்பரின் சில்லோடு சாய்ந்து நின்று தண்ணீர் குடித்தார். எனக்கும் போத்தலை நீட்டினார்.

முதலாளி வடையோடு வந்தார்.

"ஏன் பிள்ளை அவசரப்பட்டனீங்கள்? எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே."

நான் வாய் திறந்திருந்தால் என்ன வந்திருக்குமோ தெரியாது. மகள் என் கையைப் பிடித்தாள்.

அன்று பின்னேரமே படம் முகநூலில் வந்துவிட்டது. நாலு பேரும் அவளைத் தூக்குகிற படம். உயர்த்திவிடும் கரங்கள் என்று மேலே எழுதியிருந்தார்கள். என் பழைய மாணவர்கள்கூடக் கும்பிடுகிற கைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். கவிழ்ந்த நாற்காலியை யாரும் படம் எடுக்கவில்லை. படம் எடுக்கிறவர்கள் அப்போது வடையடியில் நின்றார்கள்.

வேலை வேண்டாம் என்று நான் சொன்னேன். சொன்னேன் என்பது மரியாதையான சொல், அழுது கத்தினேன். விழுந்து எழும்பியது போதும், ரிப்பர் எல்லா றோட்டிலும் ஓடுகிறது, முல்லைத்தீவு றோட்டில் இன்னும் கூட ஓடுகிறது என்றேன். அவள் கைக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் வேலைக்குப் போகேக்க விழேல்லை. எனக்குப் பாராட்டு நடக்கேக்கதான் விழுந்தனான்."

என் கணவர் விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அப்படிச் சொன்னதும் எழும்பி வெளியே போய் மரம் தேடத் தொடங்கினார். பாலை பாரம் என்பதால், பழைய கட்டில் சட்டங்களில் பாரமில்லாத ஒரு வாங்கு அடித்தார். வீட்டு வாங்கின் அதே உயரம். கால்கள் மடியும். ஸ்கூட்டரின் பின்னால், இரண்டு மேலதிகச் சில்லுக்கும் நடுவில், சைக்கிள் ரியூப் நாடாவால் அதைக் கட்டிவிட்டார். அவளால் அதை இறக்க முடியாது. யாராவது அவிழ்த்து வைக்க வேண்டும். தூக்கச் சொல்வதைவிட அவிழ்க்கச் சொல்வது லேசு என்றாள்.

வேலைக்குப் போன இரண்டாம் நாள் திரும்பி வரும்போது தனியாகப் பெற்றோல் அடிக்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். நான் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிடாமல் போனைப் பிடித்துக்கொண்டு படலையடியில் நின்றேன். வீதியில் ரிப்பர் போகிற ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் போன் அடித்தேன். நேரம் போய்த்தான் எடுத்தாள்.

"அடிச்சாச்சு."

"ஆர் இறக்கினது?"

"ஒருத்தரும் என்னை இறக்கேல்லை. வாங்கை இறக்கினவை. பம்படியில நிக்கிற அண்ணை, உங்களுக்கெண்டு சாய்தளம் கட்டியிருக்கே, பேந்தேன் வாங்கு எண்டு கேட்டவர். சாய்தளத்தில பெற்றோல் வருமெண்டால் சொல்லுங்கோ, போறன் எண்டனான். பிறகு அவிழ்த்து வைச்சவர்."

"திருப்பிக் கட்டிவிட்டவரோ?"

"இல்லை. அங்கயே விட்டிட்டு வந்திட்டன்."

"மறந்திட்டியோ?"

"இல்லை."

அந்த வாங்கு அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு நாளைக்கு ஒருதடவை அவள் பம்படியில் நிறுத்துகிறாள், வாங்கை இழுத்து வைக்கிறார்கள், சறுக்கி மாறுகிறாள், அடித்து முடிந்ததும் சறுக்கி ஏறுகிறாள். ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட எடுப்பதில்லை. இதற்காகத்தான் அத்தனை மாபிளும்.

மாதம் ஒன்று போன பிறகு எனக்கும் அந்தப் பக்கம் போக வேண்டிவந்தது. வாங்குக்கு நீலப் பெயின்ற் அடித்திருந்தார்கள். இருக்கிற பலகையின் விளிம்பில் மாற்றுத்திறனாளிகளுக்கான அன்பளிப்பு என்று எழுதி, கீழே முதலாளியின் பெயரும் செட்டின் பெயரும். என் கணவர் எங்கள் கட்டிலில் அறுத்த சட்டம் அது. அன்று மாலை மகளிடம் கொதித்தேன். நாளைக்கே போய்ச் சுரண்டுவேன் என்றேன்.

"எழுதட்டும் அம்மா. பெயரிருந்தால் தூக்கி எறியமாட்டினம். உடைஞ்சால் அவையே திருத்துவினம்."

அவள் சொல்வது சரிதான். சரியாக இருப்பதால் எனக்குக் கோபம் குறையவில்லை.

போன கிழமையும் அந்த வழியால் போனேன். அவள் சற்று முன்புதான் நிரப்பிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தாள். வாங்கில் செட்டின் காவலாளி காலை நீட்டி இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழும்புங்கோ," என்றேன்.

"பிள்ளை இப்பதானே ரீச்சர் போனவா. இனி நாளையிண்டைக்குத்தானே வருவா. அதுமட்டும் இருக்கலாம்தானே."

இருக்கலாம். வெறுமையாகக் கிடக்கிற வாங்கில் ஒரு மனிதர் இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை என்பது எனக்கும் விளங்கும். ஆனாலும் அவர் பேப்பரை மடித்து, செருப்பைத் தேடிப் போட்டு, எழும்பிப் போகும்வரை நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.